இன்டெலிஜென்ஸ் குறைந்தால் காலையில் தயார் செய்த மந்திரம் அழிந்துவிடுமா? (டி அண்ட் டி 3.5)

முகப்புத் திண்ணை | ஞாயிறு இரவு 10:20

வணக்கம். இன்று ஆட்டத்தில் நடந்த ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை.

நாங்கள் ஐந்து பேர். ஞாயிறுதோறும் கானாடுகாத்தானில் நண்பனின் அப்பத்தா வீட்டு வளவில் ஜமுக்காளம் விரித்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் ஆட்டம்) 3.5ஆம் பதிப்பை ஆடுகிறோம். ஜமுக்காளம் இல்லாவிட்டால் ஆத்தங்குடிக் கல் தரையில் பகடைக் கட்டை வழுக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடும். என் ஆள் (நான் ஆடும் பாத்திரம்) 7ஆம் லெவல் விஸார்ட், அதாவது மந்திரவாதி; இன்டெலிஜென்ஸ் (அறிவு மதிப்பு, சுருக்கமாக இன்ட்) 18. காலையில் தயார் செய்யும் ஒவ்வொரு மந்திரமும் ஒரு ஸ்லாட்டில் (இடத்தில்) இருக்கும்; இன்ட் அதிகம் என்றால் கூடுதல் ஸ்லாட் கிடைக்கும். இரண்டரை வருடமாக வளர்த்த ஆள்.

இன்று எதிரி மந்திரவாதி என்மேல் டச் ஆஃப் இடியசி (அறிவைக் கொஞ்ச நேரம் குறைக்கும் மந்திரம்) போட்டான். தொட்டாலே போதும், சேவிங் த்ரோ (கட்டை உருட்டித் தப்பும் வாய்ப்பு) கிடையாது. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆறு பக்கக் கட்டையை உருட்டினார், 5 விழுந்தது. 18 இருந்த இன்ட் 13 ஆகிவிட்டது. அது வரைக்கும் சரி, அடி பட்டால் படவேண்டியதுதான்.

அடுத்து டிஎம் என் ஷீட்டை (பாத்திரத்தின் விவரத் தாளை) வாங்கி ரப்பரால் நான்கு மந்திரங்களை அழித்தார். 4ஆம் லெவலில் இருந்த இரண்டும் போயின. 3ஆம் லெவலில் மூன்றில் ஒன்று, 2ஆம் லெவலில் ஒன்று. 13 இன்ட்டுக்கு அந்தக் கூடுதல் ஸ்லாட்டுகள் கிடையாது, அதனால் போயிற்று என்றார். 3ஆம் லெவலில் எது போகும் என்று கட்டை உருட்டினார். போனது டிஸ்பெல் மேஜிக். என் தலைமேல் இருந்த அந்த மந்திரத்தையே எடுத்துப் போட நான் வைத்திருந்த ஒரே மருந்து.

70 நிமிடம் கழித்து விளைவு தீர்ந்தது, இன்ட் மறுபடி 18. “அழிந்தது அழிந்ததுதான், நாளைக் காலையில் தயார் செய்துகொள்” என்றார். டிஎம் அண்ணன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விதி அப்படித்தானா?

காபி கொண்டுவந்த அப்பத்தா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார்கள். “காய்ச்சல்ல கிடக்கையில ஒண்ணும் ஞாபகம் வராதுதான். விட்டதும் எல்லாம் வந்துருமேப்பா” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.


கோட்டையூர் | ஞாயிறு இரவு 10:41

அண்ணே, 5ஆம் பதிப்புக்கு மாறிவிடுங்கள். அங்கே ஸ்லாட்டுக்கும் இன்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2014 புத்தகத்தில் விஸார்ட் தயார் செய்யும் மந்திர எண்ணிக்கை லெவல் கூட்டல் இன்ட் மாடிஃபையர் (மதிப்பிலிருந்து வரும் கூட்டல் எண்; 18-க்கு +4, 13-க்கு +1). உங்கள் ஆளுக்கு 7 + 4 = 11. இன்ட் 13 ஆனால் 8. அதுவும் அடுத்த லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடிந்து பட்டியலை மாற்றும்போது எண்ணுவதுதான். 2024 புத்தகத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை லெவல் அட்டவணையிலேயே இருக்கிறது.


முகப்புத் திண்ணை | ஞாயிறு இரவு 10:48

நன்றி தம்பி. ஆனால் எங்கள் குழு 3.5 விட்டு வராது. காலையில் எது தேவைப்படும் என்று யோசித்து ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒவ்வொன்றாகப் போட்டு வைப்பதுதான் எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிடித்த வேலை. 5ஆம் பதிப்பில் அந்தக் கணக்கு இல்லை.


பேரேடு | ஞாயிறு இரவு 11:35

தம்பி, நல்ல கேள்வி. 2004இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய 3.5 விதிப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது தேவகோட்டையில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

உங்கள் டிஎம் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே வரவில் எழுதிவிட்டார். பிரித்துப் பார்ப்போம்.

முதல் விஷயம், மந்திரத்தின் லெவலுக்குத் தேவையான இன்ட். ஒரு மந்திரத்தைக் கற்க, தயார் செய்ய, பிரயோகிக்க விஸார்டுக்கு இன்ட் 10 + மந்திர லெவல் இருக்க வேண்டும். 4ஆம் லெவலுக்கு 14. உங்களிடம் 13, ஆகவே 4ஆம் லெவல் முடியாது. 3ஆம் லெவலுக்கு 13 போதும், அது தப்பியது. கட்டையில் 6 விழுந்திருந்தால் அதுவும் மூடியிருக்கும்.

இங்கே கவனியுங்கள். கற்பது, தயார் செய்வது, பிரயோகிப்பது என்று மூன்று வினையாகப் பிரித்துச் சொல்கிறது புத்தகம். தயார் செய்யும்போது இன்ட் இருந்து, பிரயோகிக்கும்போது இல்லாமல் போகலாம் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. டச் ஆஃப் இடியசியின் விளக்கமும் அதைத்தான் சொல்கிறது: தேவையான அளவுக்குக் கீழே இறங்கினால் சில மந்திரங்களையோ எல்லாவற்றையுமோ பிரயோகிக்க முடியாமல் போகலாம். ‘முடியாமல் போகும்’ என்றுதான் இருக்கிறது. ‘அழியும்’ என்று இல்லை.

அதற்கு மேல் ஒரு வரி, பலர் தாண்டிப் போய்விடும் வரி. ஸ்லாட் பற்றிய பத்தியில் இருக்கிறது. லெவலால் கிடைக்கவேண்டிய ஸ்லாட்டுக்கு ஏற்ற இன்ட் இல்லாதவருக்கும் அந்த ஸ்லாட் கிடைக்கும், ஆனால் கீழ் லெவல் மந்திரத்தைத்தான் அதில் போட வேண்டும். ஆகவே 7ஆம் லெவல் விஸார்டுக்கு அடிப்படையாக வரும் ஒரே ஒரு 4ஆம் லெவல் ஸ்லாட், இன்ட் 13 ஆனாலும் போகாது. டிஎம் அதையும் அழித்தது தவறு. அதில் இருந்த மந்திரம் பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) ஓர் அறை இருக்கும் அல்லவா? சாவி கொத்தில் இல்லை என்றால் அறை திறக்காது. உள்ளே இருக்கும் பெட்டியும் பித்தளையும் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இரண்டாம் விஷயம், கூடுதல் ஸ்லாட். இங்கேதான் உங்கள் டிஎம் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இன்ட் 18-க்கு 1 முதல் 4 வரை ஒவ்வொரு லெவலிலும் ஒரு ஸ்லாட் கூடுதல். 13-க்கு 1ஆம் லெவலில் ஒன்று மட்டும். தற்காலிகமாகக் குறையும்போது அந்த மூன்றும் அப்போதே போகுமா, அடுத்த காலையில் எண்ணும்போது போகுமா? புத்தகத்தில் நேரான பதில் இல்லை. என் கருத்து: அடுத்த காலையில். காரணம் ஃபாக்ஸஸ் கன்னிங். அந்த மந்திரம் இன்ட்டை 4 கூட்டுகிறது, சேவ் டிசி (கட்டையில் எட்டவேண்டிய எண்) ஏறுகிறது, ஆனால் கூடுதல் ஸ்லாட் தராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சில நிமிடம் ஏறும் இன்ட் ஸ்லாட்டைத் தராது என்றால், சில நிமிடம் இறங்கும் இன்ட் மட்டும் எப்படிப் பறிக்கும்? வரவில் எழுதாததைப் பற்றில் எழுதக் கூடாது.


ஆத்தங்குடி | திங்கள் காலை 6:10

பேரேடு ஐயா சொன்னது சரி. தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் குழுவில் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) இல்லையா? லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் 2ஆம் லெவல் மந்திரம். இந்த மாதிரி மந்திரத்தால் ஓர் எபிலிட்டியில் (இன்ட் போன்ற மதிப்பில்) வந்த குறைவை அப்படியே நீக்கிவிடும், கட்டை உருட்ட வேண்டியதில்லை. பிரயோகிக்க மூன்று ரவுண்டு (சண்டைச் சுற்று) ஆகும், அது ஒன்றுதான் தொந்தரவு.


முகப்புத் திண்ணை | திங்கள் காலை 7:02

கிளெரிக் ஆடுபவர் அன்று குன்றக்குடிக்குப் போய்விட்டார் ஆச்சி. நான்கு பேர்தான் இருந்தோம். இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

டிஸ்பெல் மேஜிக் இருந்தாலும் நிச்சயம் இல்லை என்பது தெரியும். எதிரியும் 7ஆம் லெவல், டிசி 11 + 7 = 18. என் லெவல் 7ஐக் கூட்டினால் 20 பக்கக் கட்டையில் 11 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். பாதிக்குப் பாதி. ஆனால் அந்தப் பாதியாவது என் கையில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.


பள்ளத்தூர் டிஎம் | திங்கள் மதியம் 1:25

நான்தான் அந்த டிஎம். தம்பி இழையின் சுட்டியை எனக்கே அனுப்பினான். அதற்கு நன்றி. முதுகுக்குப் பின்னால் பேசாமல் கூப்பிட்டுவிட்டான்.

பேரேடு ஐயா, அடிப்படை ஸ்லாட் பற்றிய வரியை நான் கவனிக்கவில்லை. இப்போது எடுத்துப் படித்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அந்த ஒரு 4ஆம் லெவல் மந்திரத்தை அழித்தது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மற்ற மூன்றில் நான் அவ்வளவு சுலபமாக விடமாட்டேன்.

ஒன்று: எபிலிட்டி மதிப்பு மாறினால் அதைச் சார்ந்த எல்லாமே மாறும் என்று புத்தகத்தின் முதல் அத்தியாயமே சொல்கிறது. ‘எல்லாமே’ என்றால் கூடுதல் ஸ்லாட்டும்தான். ‘நாளைக் காலையில் மாறும்’ என்று அங்கே இல்லை. டிசி உடனே இறங்குகிறது, ஸ்கில் உடனே இறங்குகிறது, ஸ்லாட் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்?

இரண்டு: ஃபாக்ஸஸ் கன்னிங்கை நான் உங்களுக்கு எதிராகவே படிக்கிறேன். ‘கூடுதல் ஸ்லாட் தராது’ என்று தனியாக எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது? எழுதாவிட்டால் பொதுவிதிப்படி தந்துவிடும் என்பதால்தானே? விலக்கு என்று எழுதினாலே அதற்கு அடியில் ஒரு விதி இருக்கிறது. டச் ஆஃப் இடியசியில் அப்படி விலக்கு ஏதும் எழுதவில்லை. அப்படியானால் பொதுவிதிதான் ஓடும்.

மூன்று: தயார் செய்த மந்திரம் மனதில் நிற்பதைப் பற்றிய பத்தியில், சில பொருள்களும் சில அரக்கர்களின் தாக்குதலும் தயார் செய்த மந்திரத்தை மனதிலிருந்து துடைத்துவிடலாம் என்று இருக்கிறது. ஆக, துடைபடுவது என்பது இந்த ஆட்டத்தில் இல்லாத ஒன்று அல்ல.


தேவகோட்டை ரஸ்தா | திங்கள் மாலை 5:50

நான் பாத்ஃபைண்டர் ஆடுகிறேன், 2009இல் வந்த முதல் பதிப்பு. 3.5இன் விதிகளையே எடுத்துச் செப்பம் செய்த ஆட்டம் என்பதால், 3.5இல் எங்கே குழப்பம் இருந்தது என்பது அதில் தெரியும். அதனால் சொல்கிறேன்.

பாத்ஃபைண்டரில் எபிலிட்டி டேமேஜ் (ஓய்வெடுத்தால் ஆறும் குறைவு) மதிப்பைக் குறைப்பதே இல்லை. ஒவ்வொரு 2 புள்ளி டேமேஜுக்கும் −1, அவ்வளவுதான். இன்ட் என்றால் ஸ்கில்லுக்கும் டிசிக்கும். தற்காலிகப் பெனால்டியும் அதே கணக்கு. ஆக இந்தத் தம்பியின் ஆளுக்கு 5 புள்ளி குறைந்தால் −2. ஃபயர்பாலின் டிசி 17லிருந்து 15. 3.5இல் மாடிஃபையர் +4லிருந்து +1 ஆவதால் 14. ஸ்லாட் எதுவும் அசையாது. ஸ்லாட் போக வேண்டும் என்றால் எபிலிட்டி டிரெயின் (தானாக ஆறாத குறைவு) ஆக வேண்டும், அது மதிப்பையே வெட்டும்.

மேலே ஏறுவதற்கும் அதே அளவுகோல்தான். 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் உயர்வுதான் மதிப்பாகக் கணக்கில் வரும். இன்ட்டைக் கூட்டும் ஹெட்பேண்டை (தலைப்பட்டையை) மாட்டிய உடனே ஸ்லாட் வராது, ஒரு நாள் அணிந்திருக்க வேண்டும்.

ஒரு குறை மட்டும் விட்டுவிட்டார்கள். டச் ஆஃப் இடியசியின் பழைய வாக்கியத்தை அப்படியே வைத்துவிட்டார்கள். ‘தேவையான அளவுக்குக் கீழே போனால் மந்திரம் முடியாது’ என்று மந்திரத்தில் இருக்கிறது, ‘பெனால்டி மதிப்பைக் குறைக்காது’ என்று விதியில் இருக்கிறது. எங்கள் மேசையில் மந்திரத்தின் சொல்லையே எடுத்துக்கொள்கிறோம். குறிப்பாகச் சொன்னது பொதுவாகச் சொன்னதை மிஞ்சும்.

2019இல் வந்த இரண்டாம் பதிப்பில் வேறு வழி. ஸ்டூபிஃபைட் என்று ஒரு நிலை. அதன் எண் 2 என்றால், ஒவ்வொரு மந்திரத்துக்கும் 20 பக்கக் கட்டையில் 7 வர வேண்டும் (5 + 2), வராவிட்டால் அந்த மந்திரம் கலைந்துவிடும். பட்டியலை அழிப்பது எண்ணுவது எதுவும் இல்லை. மேசையில் வேலை குறைவு. எனக்கு அது பிடித்திருக்கிறது.


பேரேடு | திங்கள் இரவு 9:15

பள்ளத்தூர் தம்பி, உங்கள் இரண்டாம் வாதம் எனக்குப் பிடித்திருந்தது. நேற்றே அதை நான் யோசித்திருக்க வேண்டும். விலக்கு இருந்தால் விதி இருக்கும் என்பது சரியான படிப்புதான். என் ஃபாக்ஸஸ் கன்னிங் வாதம் நீதிக்குப் பொருந்தும், எழுத்துக்கு முழுதாகப் பொருந்தவில்லை. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் மூன்றாவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். துடைக்கும் தாக்குதல் என்றால் ‘துடைக்கும்’ என்று அதன் விளக்கத்திலேயே இருக்க வேண்டும். எது துடைக்கும் என்பதைப் புத்தகம் சொல்லாமல் விடுவதில்லை. விஸார்ட் செத்தால் மனதிலுள்ள மந்திரம் எல்லாம் போகும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நெகடிவ் லெவல் விழுந்தால் மிக உயர்ந்த லெவலில் ஒரு மந்திரமோ ஸ்லாட்டோ போகும் என்று எழுதியிருக்கிறது. இடியசிக்கு மட்டும் ‘பிரயோகிக்க முடியாது’ என்று நிறுத்திக்கொள்கிறது. சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

அதே பத்தியில் இன்னொரு சொல்லையும் பாருங்கள். தயார் செய்த மந்திரம் ‘ஏறக்குறையப் பிரயோகித்து முடித்த’ நிலையில் மனதில் நிற்கிறது என்று இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்ததுதான் பெரிய வேலை. சண்டையில் செய்வது கடைசி முடிச்சு. அப்படியானால் காலையில் 18 இன்ட்டோடு செய்த வேலையை மதியம் வந்த 13 எப்படிச் செய்யாததாக்கும்?

என் பழைய அனுபவம் ஒன்று. 5ஆம் லெவல் விஸார்ட், இன்ட் 17. விருந்தில் இட் மாஸ் என்ற நஞ்சைச் சாப்பாட்டில் கலந்துவிட்டார்கள். முதலில் நான்கு பக்கக் கட்டை ஒன்று, ஒரு நிமிடம் கழித்து ஆறு பக்கக் கட்டை இரண்டு. இரண்டு சேவும் தவறி மொத்தம் 7 புள்ளி போய் இன்ட் 10. அது பெனால்டி அல்ல, எபிலிட்டி டேமேஜ். ராத்திரித் தூக்கத்துக்கு 1 புள்ளிதான் ஏறும், நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்தால் 2. அதுவோ காவலர்கள் சூழ்ந்த மாளிகை, படுக்க நேரமில்லை.

மறுநாள் காலை இன்ட் 11. 1ஆம் லெவல் முடியும், அதற்கு மேல் முடியாது. கூடுதல் ஸ்லாட் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் எண்ணும் வேளையில் மதிப்பு 11. ஆனால் அடிப்படை ஸ்லாட் 3ஆம் லெவலில் ஒன்று, 2ஆம் லெவலில் இரண்டு, 1ஆம் லெவலில் மூன்று, அத்தனையும் இருந்தன. ஆறிலும் மேஜிக் மிஸைலையும் ஸ்லீப்பையும் போட்டு நிரப்பினேன். ஸ்லீப் இரண்டால் காவலர்கள் விழுந்தார்கள், வெளியே வந்துவிட்டோம். அன்று டிஎம் ஸ்லாட்டுகளை அழித்திருந்தால் அந்த ஆள் அந்த மாளிகையிலேயே முடிந்திருப்பான்.

அதற்கு முந்தின இரவு, நஞ்சு ஏறிய கையோடு, 3ஆம் லெவலில் ஃப்ளை தயாராக இருந்தது. அதை அழிக்கவில்லை, போடவும் முடியவில்லை. ஷீட்டில் அது இருந்துகொண்டே இருந்தது. சன்னல் திறந்திருக்கிறது, பறக்கும் மந்திரம் மனதில் இருக்கிறது, கடைசிச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. இத்தனை வருடத்தில் அதுபோல ஒரு கட்டம் எனக்கு வந்ததில்லை. அழித்திருந்தால் வெறும் வெற்றுக் கட்டம்தான் இருந்திருக்கும்.


ஆத்தங்குடி | செவ்வாய் காலை 5:55

ஐயா சொன்ன ‘ஏறக்குறைய முடித்த’ என்பது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் பட்டறையில் கல் போடுவது அப்படித்தான். கண்ணாடிமேல் அச்சை வைத்து நிறம் ஊற்றுவோம். அச்சை எடுத்ததும் பூ நின்றுவிடும். அப்புறம் சிமெண்டும் மணலும் போட்டு மூடி, தண்ணீரில் போட்டு, வெயிலில் வைத்து எடுப்போம். ஊற்றிய பிறகு சிவப்புப் பொடி தீர்ந்துபோனால் அடுத்த கல்லுக்குத்தான் இல்லை. ஊற்றிய கல்லில் சிவப்பு இருக்கும்.

ஆனால் டிரெயின் வேறு சங்கதி, அதைப் புதிதாக ஆடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் கிளெரிக் 5ஆம் லெவல், விஸ்டம் (விஸார்டுக்கு இன்ட் போல, கிளெரிக்குக்கு இது) 16. ஆலிப் என்று ஒரு பேய். ஒவ்வொரு முறை தொடும்போதும் நான்கு பக்கக் கட்டையளவு விஸ்டம் டிரெயின். ஒரே தொடுதலில் 4 போய் 12. 3ஆம் லெவலுக்கு 13 வேண்டும். தொட்ட அந்த நொடியில் மூன்று 3ஆம் லெவல் மந்திரங்கள் பூட்டிக்கொண்டன. கிளெரிக் தயார் செய்ததைக் கொடுத்துக் கியூர் (காயம் ஆற்றும்) மந்திரமாக மாற்றிக்கொள்ளலாமே என்று பார்த்தேன். 3ஆம் லெவலைக் கொடுத்தால் கியூர் சீரியஸ் வூண்ட்ஸ் வரும், அதுவும் 3ஆம் லெவல்தானே, அதற்கும் 13 வேண்டும். அந்த வழியில் கீழ் லெவல் கியூர் மட்டும்தான் போட முடிந்தது.

தூங்கினாலும் டிரெயின் ஏறாது. ரெஸ்டோரேஷன் வேண்டும், அது 4ஆம் லெவல். நானோ 5ஆம் லெவல் கிளெரிக், அதைப் போட 7ஆம் லெவல் ஆக வேண்டும். கோயில் இருக்கும் ஊரைத் தேடி ஆறு நாள் நடந்தோம். பூசாரிக்குக் கூலி 7 × 4 × 10, 280 தங்கம். வைரப்பொடி 100. மொத்தம் 380. எல்லாரும் மடியிலிருந்து போட்டுக் கட்டினோம். அந்த ஆறு நாளும் தினமும் காலையில் குறைந்த விஸ்டமுக்குத்தான் எண்ணிக்கொண்டேன். கூடுதல் 2ஆம் லெவல் கிடையாது, கூடுதல் 3ஆம் லெவல் கிடையாது. அது நியாயம், போனது நிஜமாகவே போயிருந்தது. இடியசி அப்படி இல்லை. ஒரு மணி நேரத்துச் சங்கதி.


பள்ளத்தூர் டிஎம் | செவ்வாய் இரவு 10:05

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். என் தீர்ப்பை மாற்றுகிறேன். எப்படி, ஏன் என்று சொல்லிவிடுகிறேன், வேறு டிஎம்களுக்கும் உதவும்.

கூடுதல் ஸ்லாட் உடனே போகிறது என்ற என் படிப்பை விடவில்லை. ‘எல்லாமே மாறும்’ என்ற வரி எனக்கு இன்னும் அப்படித்தான் படிக்கிறது. ஆனால் எல்லாமே மாறும் என்றால் திரும்பி ஏறும்போதும் எல்லாமே மாற வேண்டும். டிசி 14லிருந்து 17க்கு நானே ஏற்றிக் கொடுத்தேன், ஸ்கில்லையும் ஏற்றினேன். ஸ்லாட்டை மட்டும் ஏற்றவில்லை. இறங்க ஒரு விதி, ஏற இன்னொரு விதி வைத்திருந்தேன். தம்பி அன்றைக்கே கேட்டான், சரியாகப் பதில் சொல்லாமல் ஆட்டத்தை நகர்த்திவிட்டேன். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே எங்கள் மேசையில் இனி ரப்பர் கிடையாது. பென்சிலால் சதுர அடைப்பு. இன்ட் குறைந்தால், கூடுதலாக வந்த அளவுக்கு மந்திரங்களை அடைப்புக்குள் போடுவோம். எதைப் போடுவது என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுப்பார், கட்டை உருட்ட மாட்டோம். டிஸ்பெல் மேஜிக் கையில் இருந்திருக்க வேண்டியதுதான். விளைவு தீர்ந்ததும் அடைப்பை எடுத்துவிடுவோம். இடையில் ஒரு காலை வந்து மறுபடி தயார் செய்தால் அன்றைய மதிப்புக்கு எண்ணுவோம். டிரெயினுக்கும் இதேதான், அடைப்பு எடுபட ரெஸ்டோரேஷன் வர வேண்டும், அவ்வளவே வித்தியாசம்.


பேரேடு | செவ்வாய் இரவு 10:30

நல்ல தீர்ப்பு. ஒன்றே ஒன்று பாக்கி. 2ஆம் லெவலில் நான்கு இருந்து, ஒன்றை ஏற்கெனவே செலவழித்துவிட்டார் என்று வையுங்கள். இப்போது வரம்பு மூன்று. மீதி எத்தனை? செலவானதுதான் கூடுதல் ஸ்லாட் என்று எழுதினால் மீதி மூன்று. செலவானது அடிப்படை என்றால் மீதி இரண்டு. ஸ்லாட்டுகளுக்குப் பெயர் கிடையாது. ஆடுபவருக்குச் சாதகமாக, கூடுதல் முதலில் செலவானது என்று எழுதுவதே முறை என்பேன்.


பள்ளத்தூர் டிஎம் | செவ்வாய் இரவு 10:44

அதில் நான் உங்களோடு இல்லை ஐயா. ஒரு நாளைக்கு மூன்று என்றால் மூன்றுதான். ஒன்று போட்டாயிற்று, மீதி இரண்டு. ஐந்தொகை போட்டாலும் அப்படித்தான் நிற்கும்.


பேரேடு | செவ்வாய் இரவு 10:52

ஐந்தொகையில் எந்தச் சரக்கு முதலில் விற்றது என்று எழுதும் இடம் உண்டு தம்பி. தேவகோட்டைப் பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள், புத்தகத்தை நடுவில் வைத்துப் பேசுவோம்.


தேவகோட்டை ரஸ்தா | புதன் காலை 8:20

சார்சரருக்கு (முன்கூட்டித் தயார் செய்யாமலே மந்திரம் போடுபவருக்கு) இந்தச் சிக்கல் பாதிதான் என்பதையும் சேர்த்துவிடலாம். அவருக்கு இன்ட்டுக்குப் பதில் கரிஸ்மா என்ற மதிப்பு. காலையில் குறிப்பிட்ட மந்திரத்தைக் குறிப்பிட்ட ஸ்லாட்டில் போடுவதில்லை, அதனால் ‘எதை அழிப்பது’ என்ற கேள்வியே எழாது. எண்ணிக்கை மட்டும் குறையும். தெரிந்த மந்திரங்களின் பட்டியல் அப்படியே இருக்கும், உயர்ந்த லெவல் மட்டும் பூட்டும். விஸார்ட் ஆடுபவர்களுக்கு ஒரு யோசனை: காலையில் ஒன்றிரண்டு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வையுங்கள். பிறகு 15 நிமிடம் உட்கார்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். இன்ட் குறைந்தால் அந்தக் காலி ஸ்லாட்டை அடைப்புக்குள் தள்ளிவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம்.


முகப்புத் திண்ணை | ஞாயிறு இரவு 9:50

இன்று ஆடினோம். கதையில் அதே நாள்தான் ஓடுகிறது, அதனால் டிஎம் அண்ணன் என் நான்கு மந்திரங்களையும் திருப்பிக் கொடுத்தார். அழித்த இடத்தில் தாள் லேசாக மஞ்சள் பூத்து மெலிந்திருந்தது. அதன் மேலேயே ‘டைமென்ஷன் டோர்’ என்று அவர் கையால் எழுதினார்.

அதே எதிரி சுரங்கத்தின் கீழ்க்கட்டில் காத்திருந்தான். மறுபடி தொட்டான். இந்த முறை 6. இன்ட் 12. மூன்றாம் லெவலும் பூட்டிக்கொண்டது, டிஸ்பெல் மேஜிக்கோடு சேர்த்து. ஷீட்டில் ஆறு மந்திரங்களைச் சுற்றிச் சதுரம் போட்டேன், 2ஆம் லெவலில் எதை உள்ளே தள்ளுவது என்று நானே தேர்ந்தெடுத்தேன். மிரர் இமேஜை வெளியே வைத்துக்கொண்டேன்.

கிளெரிக் வந்திருந்தார். மூன்று ரவுண்டு. அந்த மூன்று ரவுண்டும் மிரர் இமேஜுக்குப் பின்னால் நின்றேன், மூன்று பிம்பம் உடைந்தது. நான்காவது ரவுண்டில் இன்ட் 18. சதுரங்களை ஒவ்வொன்றாக அழித்தபோது அப்பத்தா எட்டிப் பார்த்து, “வந்துருச்சா?” என்றார்கள். வந்துவிட்டது அப்பத்தா என்றேன்.

ஆச்சி, வைரப்பொடி 100 தங்கத்துக்கு ஒரு பொட்டலம் வாங்கிச் சரக்குப் பட்டியலில் எழுதியாயிற்று.